தசைத் துடிப்பும் தெய்வ சித்தமும்

அவனன்றி ஓரணுவும் அசையாது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லும்போது, சொல்பவரும் கேட்பவரும் அதை ஓர் ஆறுதலாகவே எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்த ஒருவனுடைய கெண்டைக்கால் சதை, அவன் ஏவாமலும் அவன் சம்மதத்தைக் கேளாமலும், தோலுக்கு அடியில் புழு நெளிவதைப்போலத் துடிக்கத் தொடங்கி, புரண்டு படுத்தாலும் எழுந்து உட்கார்ந்தாலும் நிற்காமல், மறுநாள் தொடையிலும் அதற்கடுத்த நாள் தோளிலும் இமையிலுமாக இடம் மாறிக்கொண்டே போகுமானால், அந்தப் பழைய வாசகம் அவனைத் தேற்றுவதை விட்டுவிட்டுக் கேள்வி கேட்கத் தொடங்கிவிடுகிறது. அசைப்பவன் நான் அல்லன் என்பது பிரத்தியட்சம். இறைவன்தான் அசைக்கிறான் என்றால், எதற்காக அசைக்கிறான்? வரவிருக்கும் ஏதோ ஒரு கொடிய வியாதியை முன்கூட்டி எனக்கு அறிவிக்கிறானா? தெய்வ நம்பிக்கை இல்லாதவன் நரம்பின் கோளாறு என்று சொல்லித் திரும்பிப் படுத்துவிடலாம். உலகத்தில் ஒன்றும் வீணாக நடப்பதில்லை என்ற நம்பிக்கையிலேயே வளர்ந்தவனுக்கு, தன் சரீரத்தில் அர்த்தமற்ற ஓர் அசைவு நிகழ்கிறது என்று ஒப்புக்கொள்வது அவ்வளவு எளிதன்று.

இந்தக் கேள்வியைப் புத்தகத்திலிருந்து எடுத்துப் பேசவில்லை. எனக்கும் அந்தத் துடிப்பு வந்தது. அதன் பின்னாலேயே அந்த அச்சமும் வந்தது. தாம்பரத்திலும் சேலையூரிலும் குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் இதே அச்சத்தோடு நடமாடுகிற பலரை அதன் பிறகுதான் நான் அடையாளம் கண்டுகொண்டேன். பெரும்பாலோர் முப்பது நாற்பது வயதுக்காரர்கள். சோழிங்கநல்லூர்ப் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் போய் நள்ளிரவில் திரும்புகிறவர்கள். தூக்கம் குறைவு, காப்பி அதிகம். அவர்கள் தாமே தமக்குச் செய்துகொள்ளும் பரீட்சைகளைப் பார்த்தால் மனம் இளகும். ரயிலுக்குக் காத்திருக்கும்போது பிளாட்பாரத் தூணுக்குப் பின்னால் மறைந்து நின்று நுனிக்காலில் எழும்பிப் பார்ப்பார்கள். பிறகு குதிகாலால் நாலடி நடப்பார்கள். தண்ணீர் பாட்டில் மூடியை இடது கையால் திறந்து, நேற்றைவிட இன்று கை தளர்ந்திருக்கிறதா என்று ஒப்பிடுவார்கள். இரவில் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, செல்போன் விளக்கின் வெளிச்சத்தில் நாக்கை நீட்டி, அது நடுங்குவதைக் கண்டு உள்ளங்கால் சில்லிட்டுப் போவார்கள். வெளியே நீட்டிய நாக்கு ஆரோக்கியமான மனிதனுக்கும் சற்று நடுங்கத்தான் செய்யும். நரம்பு வைத்தியர் பார்ப்பது வாய்க்குள்ளே ஓய்ந்து கிடக்கும் நாக்கை. இதை யாராவது அவர்களுக்குச் சொன்னால், அன்றைக்கு நாக்கை விட்டுவிட்டுக் கட்டைவிரல் சதையை ஆராயத் தொடங்குவார்கள்.

அவர்கள் அஞ்சுவது இன்ன வியாதி என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் தசைகளுக்குக் கட்டளை கொண்டுசெல்லும் நரம்பணுக்கள் ஒவ்வொன்றாக மடிந்து, கையும் காலும் பேச்சும் விழுங்குதலும் இறுதியில் சுவாசமும் தளர்ந்துபோகும் இயக்க நரம்பணு நோய் அது. பாரிஸ் நகரத்து ஷார்க்கோ 1869-ல் அதை விவரித்தார். மேல்நாட்டுக் கணக்கின்படி லட்சம் பேரில் ஆண்டுக்கு ஏறத்தாழ இருவருக்கு வருகிறது. வந்தவர்களில் பெரும்பாலோர் சில ஆண்டுகளுக்குள் இறந்துபோகிறார்கள். நம் நகரத்தின் பெயரையே தாங்கிய ஒரு வகையும் இதில் உண்டு. மீனாட்சிசுந்தரம், ஜகந்நாதன், ராமமூர்த்தி என்ற மூன்று சென்னை வைத்தியர்கள் 1970-ல் எழுதிய கட்டுரையில், இளம் வயதிலேயே தொடங்கி, முகத்தையும் நாவையும் தளர்த்தி, காதையும் மந்தமாக்கி, ஆனால் மற்ற வகையைக் காட்டிலும் மிக மெதுவாக நகர்ந்து நெடுங்காலம் உயிரோடு விட்டுவைக்கும் ஒரு நோயை விவரித்தார்கள். வைத்திய நூல்களில் அது இன்றும் மதராஸ் வகை என்றே வழங்குகிறது. அச்சம் பிடித்தவன் இந்தப் பெயரைப் படித்த இரவில், தென்சென்னை மண்ணே தன்னைக் குறிவைத்திருப்பதாக நினைத்துக்கொள்வான். அந்த நினைப்பை நான் அறிவேன்.

வைத்திய சாஸ்திரம் இதற்குச் சொல்லும் பதில் தெளிவானது. தனித்த துடிப்பு என்பது ஒரு நரம்பணுவும் அதன் ஆளுகையிலுள்ள தசைநார்களும் தாமாகவே ஒரு முறை தூண்டப்படுவது. களைப்பும் காப்பியும் தூக்கமின்மையும் கடும் உடற்பயிற்சியும் மனக் கலக்கமும் அதை மிகுவிக்கும். ஆரோக்கியமானவர்களிலும் மிகப் பலருக்கு அது எப்போதாவது வருவதுதான். துடிப்போடு தசை மெலிவோ பலவீனமோ சேர்ந்து, அது மேன்மேலும் வளர்ந்தால்தான் வைத்தியர் புருவத்தைச் சுருக்குவார். தீங்கற்ற துடிப்பு ஒன்று உண்டு என்பதை டென்னி-பிரௌனும் ஃபோலியும் 1948-லேயே எழுதிவிட்டார்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் அவ்வாறு துடிப்பு மட்டும் கண்ட 121 பேரை, இரண்டு ஆண்டு முதல் முப்பத்திரண்டு ஆண்டு வரை கவனித்துப் பார்த்து, அவர்களில் ஒருவருக்கும் அந்த வியாதி வரவில்லை என்று 1993-ல் வெளியிட்டார்கள். இந்த அச்சத்துக்கு அதிகமாக ஆட்படுகிறவர்களில் வைத்தியர்களே இருக்கிறார்கள் என்பதைப் பற்றி 2013-ல் சிட்னி நரம்பியல் வைத்தியர்கள் தனிக் கட்டுரையே எழுதினார்கள். வியாதியின் பெயரை அறிந்திருப்பது எப்படி ஒரு பாரமாகிறது என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டாம்.

என்னைச் சோதித்த அறை சிறியது. மெல்லிய ஊசியொன்றைக் கெண்டைக்காலில் செலுத்திவிட்டு, "சும்மா விடுங்க சார், காலைத் தளர்த்துங்க" என்றார் அந்தப் பெண் வைத்தியர். ஓய்ந்திருக்கும் ஆரோக்கியமான தசை மின்சார ரீதியில் மௌனமாயிருக்கும். பாதத்தை அமுக்கச் சொன்னபோது ஒலிபெருக்கியில் பெருமழை போன்ற இரைச்சல் எழுந்தது, விட்டபோது அடங்கியது. இடையில் ஓரிரு முறை அந்தத் துடிப்பும் 'டொக்' என்று தன் குரலைக் காட்டிற்று. அதைக் கேட்டும் அவர் முகத்தில் மாற்றமில்லை. முழங்காலைச் சுத்தியால் தட்டி, உள்ளங்காலைச் சாவியால் கீறி, எல்லாம் முன்பே பார்த்தாயிற்று. "ஒண்ணுமில்லை, போய் நிம்மதியாத் தூங்குங்க" என்றார். அன்று தூங்கினேன். அந்த நிம்மதி ஏன் நிலைக்கவில்லை என்பதுதான் நான் ஆராய விரும்புவது.

நம் வேதாந்திகள் எந்த அச்சத்துக்கும் கயிற்றரவைத்தான் காட்டுவார்கள். மங்கலான வெளிச்சத்தில் கயிற்றைப் பாம்பென்று எண்ணி நடுங்கியவன், விளக்கு வந்ததும் கயிற்றைக் கண்டு சிரிக்கிறான்; பாம்பு பொய், பயம் மட்டும் மெய் என்று முடிப்பார்கள். இந்த விஷயத்தில் அந்தத் திருஷ்டாந்தம் பாதி வழிதான் துணை வருகிறது. விளக்கு காட்டுவது இப்போது கிடக்கும் பொருளை. ஊசியும் சுத்தியும் காட்டுவதும் இன்றைய தசையைத்தான். அஞ்சுகிறவன் கேட்பதோ நாளைய தசையைப் பற்றி. இன்று கயிறாயிருப்பது நாளைக்குப் பாம்பாக மாறாது என்று எந்த விளக்கும் உறுதி சொல்லமுடியாது. அவ்வுறுதியைக் கேட்கிறவன் வைத்தியரிடம் வைத்தியத்தைக் கேட்கவில்லை, ஆரூடத்தைக் கேட்கிறான். ஆகையால் அவன் எத்தனை பரிசோதனை செய்துகொண்டாலும் பசி தீருவதில்லை. இங்கே பரங்கிமலையோடு பெயர் பிணைந்த தோமாவின் கதை எனக்கு நினைவுக்கு வருகிறது. உயிர்த்தெழுந்த ஏசுநாதரின் ஆணி பாய்ந்த காயத்தில் விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றவர் அவர். இட்டுப் பார் என்று அவரே அழைத்தபோது, தோமா இட்டார் என்று யோவானின் சுவிசேஷம் சொல்லவே இல்லை. நேரே சரணடைந்ததைத்தான் சொல்கிறது. சந்தேகத்துக்காக அவரை ஏளனம் செய்கிற பிரசங்கங்களை நான் ஒப்புவதில்லை. அவர் கேட்டது ஒரே அத்தாட்சி. அது எதிரில் நின்றபோது இரண்டாவதைக் கேட்கவில்லை.

துடிப்பில் செய்தியைத் தேடுவது ஒன்றும் புதிய பழக்கம் அன்று. ஆணுக்கு வலமும் பெண்ணுக்கு இடமும் துடித்தால் நன்மை என்று இன்றைக்கும் நம் வீடுகளில் பேசுகிறோம். அசோகவனத்தில் சீதைக்கு இடக்கண் துடித்தது, அனுமன் வந்தான். புகாரின் இந்திர விழா நாளில் கண்ணகிக்கு இடக்கண்ணும் மாதவிக்கு வலக்கண்ணும் துடித்தன என்று இளங்கோவடிகள் சொல்கிறார். இவற்றை ஆழ்ந்து பார்த்தால் இரண்டு சங்கதிகள் புலப்படும். அக்காலத்துத் துடிப்பு வேறொருவரைப் பற்றிப் பேசிற்று: பிரிந்தவன் வருவான், உடனிருப்பவன் போவான் என்றது. தன் ஈரலையும் நரம்பையும் பற்றிய தகவலாக அதை யாரும் வாங்கிக்கொள்ளவில்லை. இன்றைய துடிப்போ, வாங்குகிறவனையே சுற்றிச் சுற்றி வருகிறது. அவன் மனைவி பேசினாலும் குழந்தை பாடம் கேட்டாலும் அவன் காதில் விழுவது தன் முழங்காலுக்குக் கீழ் நடக்கும் சமாசாரமே. இரண்டாவது சங்கதி இன்னும் கனமானது. கண்ணகிக்கு நல்ல நிமித்தம் பலித்தது. கோவலன் திரும்பி வந்தான். அந்த நன்மையின் வழியாகத்தானே அவள் மதுரைக்கு நடந்தாள்! பலித்த நிமித்தம்கூட அதற்கப்பால் வரும் நாளைத் திறந்து காட்டவில்லை என்பதை, அந்தக் காப்பியத்தைப் படித்த தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அப்படியானால் ஓரணுவும் அசையாது என்ற வாக்கு என்ன ஆவது? காரணமும் அறிவிப்பும் வெவ்வேறு என்பதை நாம் மறந்துவிடுகிறோம் என்பதே என் அபிப்பிராயம். அவன் அசைக்கிறான் என்று சொல்வதனாலேயே, எனக்குச் சொல்வதற்காக அசைக்கிறான் என்று ஆகிவிடாது. பரிபூரணனான ஈசுவரன் எந்தப் பிரயோஜனத்தை நாடி உலகைப் படைத்தான் என்ற ஆட்சேபத்துக்குப் பிரம்ம சூத்திரம் லீலை என்று விடை சொல்கிறது. அதற்கு உரை எழுதிய சங்கரர், மூச்சு உள்ளே போவதும் வெளியே வருவதும் வெளிப் பிரயோஜனம் ஒன்றையும் கருதாமல் சுபாவத்தினாலேயே நடப்பதை உதாரணமாகக் காட்டுகிறார். பிரபஞ்சம் முழுவதையுமே இப்படிச் சுபாவத்தின் இயக்கமாகக் காண ஓர் ஆசாரியருக்குத் துணிவு இருந்ததென்றால், ஒரு கெண்டைக்காலின் துடிப்பை அவ்வாறு காண்பது நாஸ்திகம் ஆகாது. இறைவனுடைய உலகில் எனக்கென்று எழுதப்படாத அசைவுகள் கோடானுகோடி உண்டு. அவற்றில் சில என் தோலுக்குள்ளேயும் நடக்கலாம். அதை ஏற்பதற்கு நம்பிக்கை குறையவேண்டியதில்லை, அகங்காரம் சற்றுக் குறைந்தால் போதும்.

இங்கே ஒருவர் எழுந்து, அப்பர் சுவாமிகளின் சூலை நோய் எதற்கு வந்தது என்று கேட்பார். கேட்கத்தான் வேண்டும், அதுவும் இந்தப் பகுதியில் இருந்துகொண்டு இதை எழுதுகிறவன் அக்கேள்வியைத் தாண்டிப் போகமுடியாது. அந்தச் சரித்திரத்தைப் பாடிய சேக்கிழார் பிறந்த குன்றத்தூர், பல்லாவரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில்தான் இருக்கிறது; திருநாகேச்சரம் என்று அவர் எடுப்பித்த கோயில் இன்றும் அங்கே வழிபாட்டில் இருக்கிறது. பெரிய புராணத்தின்படி, சமண மடத்தில் தருமசேனராக வீற்றிருந்த, பின்னாளில் அப்பரான மருள்நீக்கியாரைத் தடுத்தாட்கொள்ளவே சிவபெருமான் அவர் வயிற்றில் சூலையை ஏவினார். வியாதி இங்கே சந்தேகமின்றி ஒரு செய்தி. ஆனால் அந்தச் செய்தியை யார் அறிந்திருந்தார், எப்போது அறிந்தார் என்பதைச் சேக்கிழார் மிக நுட்பமாகக் காட்டியிருக்கிறார். திருவதிகையில் தம்பிக்காக இறைஞ்சிய திலகவதியாருக்கு அது கனவில் தெரிந்தது. வலியில் புரண்டவருக்கோ ஒன்றும் தெரியாது. மணி மந்திரம் எல்லாம் செய்து பார்த்தார்கள், தணியவில்லை. தம் வயிற்றை ஆராய்ந்து அவர் அதன் தாத்பரியத்தைக் கண்டுபிடிக்கவில்லை. தமக்கையிடம் போனார், திருநீறு வாங்கினார், கோயிலுக்கு நடந்தார், பாடினார். வலி நீங்கிய பிறகு எஞ்சிய ஆயுளெல்லாம் உழவாரம் ஏந்திக் கோயில் பிராகாரங்களில் புல் செதுக்கினார். சூலைக்கு ஓர் அர்த்தம் கிடைத்தது; அது வயிற்றுக்குள்ளே எழுதியிருக்கவில்லை, அவர் அடுத்துச் செய்தவற்றில் விளைந்தது. நூற்றாண்டுகள் கழித்துப் பாட வந்த புலவருக்கு முழுதும் ஒளியாய்த் தெரிந்த ஒன்று, அனுபவித்தவருக்கு நடுவழியில் இருட்டாகவே இருந்தது.

இதிலிருந்து, வியாதியெல்லாம் இறைவன் விடுக்கும் ஓலை என்று பொது விதி செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. பிராரப்த கர்மத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் விரலசைக்கவும் வார்த்தை சொல்லவும் முடியாமல் கிடக்கும் ஒரு மனிதரின் கட்டிலருகே நின்று, இது நீர் செய்ததன் பலன் என்று அந்தச் சித்தாந்தத்தைப் பிரயோகிக்க நம்மில் எவருக்கும் அதிகாரம் கிடையாது. அதேபோல், மதுரையில் 1896-ல் எந்த நோயுமின்றி மரண பயம் பற்றிக்கொண்ட பதினாறு வயதுப் பையன், வைத்தியரைக் கூப்பிடாமல் தரையில் நீட்டிப் படுத்து, சாவது யார் என்று விசாரித்து ரமண மகரிஷியான வரலாற்றைச் சொல்லி, நீயும் அப்படிச் செய்யேன் என்று அச்சம் பிடித்தவனை விரட்டுவதும் பிழையே. அது அருளால் நேர்ந்தது. உத்தரவாகப் பிறப்பிக்கத் தக்கதன்று.

தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கும்போதெல்லாம் எனக்கு வேறொருவர் நினைவு வரும். அந்த ஸ்டேஷனுக்குப் பெயர் தந்த க்ஷயரோக ஆஸ்பத்திரியை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. பிறகு 1937-ல் அது சர்க்கார் வசமாயிற்று. இங்கே வருவதற்கு முன் இங்கிலாந்தில், மெண்டிப் மலைச்சாரலில் அவர் ஒரு சானடோரியம் நடத்தியபோது, அங்கே சில காலம் நோயாளியாயிருந்தவர் கணிதமேதை ராமானுஜன். அவருடைய வியாதியை வயிற்றுப் புண் என்றார்கள். பிறகு க்ஷயம் என்றார்கள். அவர் மறைந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலான பின், 1994-ல், பழைய குறிப்புகளை ஆராய்ந்த டி. ஏ. பி. யங் என்பவர், அது ஈரலைத் தாக்கிய அமீபா நோயாகவே இருந்திருக்கவேண்டும், அக்காலத்திலேயே குணப்படுத்தியிருக்கக் கூடியது என்று எழுதினார். ஆக, தம்மை எது கொல்கிறது என்பதை அந்த மகா மேதை அறியாமலே 1920 ஏப்ரலில் சேத்துப்பட்டில், முப்பத்திரண்டு வயதில், கண்ணை மூடினார். அவர் கலங்காத ஞானி என்று நான் சொல்லவரவில்லை; இங்கிலாந்தில் அவர் பட்ட மனத்துன்பம் கொடியது. அந்த ஆண்டு ஜனவரியில், உடல் தேய்ந்து கிடந்த நிலையில், ஆங்கிலேயக் கணிதவியலர் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் அவர் விவரித்தது, தாம் புதிதாகக் கண்ட ஒருவகைக் கணிதச் சார்புகளைப் பற்றி. பெயர் தெரியாத வியாதி அவரிடமிருந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டிருந்தது. எதை நினைப்பது என்பதை மட்டும் அதனால் வாங்க முடியவில்லை. என் கெண்டைக்காலுக்கு நானாகவே எழுதிக்கொடுத்துவிட்டது அதைத்தான் என்பது, அந்த ஸ்டேஷனின் படிகளில் ஏறும்போது உறைக்கும்.

துடிப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை. சட்டைப் பித்தானைப் போட விரல் தடுமாறினாலோ, நடக்கையில் செருப்பு காலைவிட்டு நழுவினாலோ, பேச்சு குழறினாலோ மறுபடி வைத்தியரிடம் போவேன், போகவேண்டும். வெறும் துடிப்புக்காகப் போவதில்லை. ஆனால் கோயிலுக்குப் போகிறேன். பல்லாவரத்துக்கு மேற்கே திருநீர்மலையில் பெருமாள் நான்கு கோலங்களில் எழுந்தருளியிருக்கிறார்: அடிவாரத்தில் நீர்வண்ணனாக நின்ற கோலம், மேலே நரசிம்மனாக இருந்த கோலம், அரங்கநாதனாகக் கிடந்த கோலம், உலகளந்தானாக நடந்த கோலம். நிற்பதும் இருப்பதும் கிடப்பதும் நடப்பதும் எனக்கு நிலைக்கவேண்டும் என்று வேண்டிக்கொள்ள அதைவிடப் பொருத்தமான சந்நிதி வேறு கிடையாது. முதலில் நானும் அப்படித்தான் வேண்டினேன். ஒரு நாள் மலைப்படியின் கீழே, சக்கர நாற்காலியில் ஒருவரை அமர்த்திக்கொண்டு ஒரு குடும்பம் நின்றிருந்தது. அவருக்கு என்ன வியாதி என்று நான் கேட்கவில்லை. கையின் பெருவிரலடிச் சதை குழிந்திருந்தது; தலை ஒரு பக்கம் சாய, மகள் ஒவ்வொரு முறையும் நிமிர்த்தி வைத்தாள். மேலே ஏறமுடியாதவர் நின்ற பெருமாளையே சேவித்துவிட்டுப் பிரசாதத்தை மகள் கையால் வாங்கிக்கொண்டார். எந்த ஒன்றாக நான் ஆகிவிடக்கூடாது என்று இரவெல்லாம் பிரார்த்தித்தேனோ, அவரே என் பக்கத்தில் அதே பெருமாளை நோக்கியிருந்தார். எனக்கு இது வேண்டாம் என்ற என் விண்ணப்பத்தை அவர் காதில் விழும்படி வாய்விட்டுச் சொல்ல என்னால் ஆகவில்லை. பக்கத்திலிருப்பவர் கேட்கச் சொல்லக்கூசும் பிரார்த்தனையைப் பெருமாளிடம் மட்டும் எப்படிச் சொல்வது? அன்று முதல், விரும்பியதைக் கேட்பதை விட்டுவிடவில்லை. அச்சம் வந்தால் அச்சம் என்றே அவனிடம் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்த நாற்காலியில் இருந்தவரையும் அவர் தலையைத் தாங்கிய கையையும் முன்னால் நிறுத்தி, எங்கள் இருவருக்குமாகச் சேர்த்துச் சொல்லக்கூடியதை மட்டும்தான் அங்கே கேட்கிறேன்.